பழசைப் போட்டுப் புதுசு எடுக்கலாமா? – மெய்நிகர்க் கருவி பற்றி ஒரு வியாபாரியின் கணக்கு

மனிதனுக்குக் கண்கள் இரண்டு. இரண்டும் ஒரே பொருளைத்தான் நோக்குகின்றன. ஆயினும் ஒரே படத்தைப் பார்ப்பதில்லை. ஒரு விரலை மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவும். இந்தச் சிறிய வேறுபாட்டைக் கொண்டுதான் 'இது கிட்டே, அது எட்டே' என்று மூளை கணக்குப் போடுகிறது. சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1838-ஆம் ஆண்டு இதை விளக்கி எழுதினார். முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டை வைத்து ஒரு கருவியும் செய்து காட்டினார். தட்டையான படம் இரண்டை, கண்ணுக்கு ஒன்றாகக் காட்டினால் போதும்; ஆழமுள்ள ஒரே காட்சியாகத் தெரியும்.

இதே தத்துவத்தில் 1939-இல் அமெரிக்காவில் வந்ததுதான் 'வியூ மாஸ்டர்' பெட்டி. நம்மில் ஐம்பது வயது தாண்டியவர்கள் பலர் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்திருப்போம். வட்டத் தட்டில் 14 சிறு படங்கள். கண்ணுக்கு ஒன்றாக 7 காட்சிகள். விசையை அழுத்தினால் அடுத்த காட்சி வரும். இதோடு, தலை திரும்புகிற பக்கமெல்லாம் காட்சியும் சேர்ந்து திரும்பும்படி செய்துவிட்டால் அதுவே இன்றைய 'வி.ஆர். ஹெட்செட்'. தமிழில் மெய்நிகர்க் கருவி என்கிறோம். ஐவன் சதர்லேண்ட் என்பார் 1968-இலேயே இதைச் செய்து காட்டினார். ஆனால் அது கூரையிலிருந்து தொங்கும் கம்பியோடு பிணைந்திருந்தது. சாதாரணக் குடும்பங்களுக்குள் இந்தக் கருவி வரத் தொடங்கியது 2016-க்குப் பிறகுதான்.

வியூ மாஸ்டருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 1939-இல் வாங்கிய தட்டு, பல பத்தாண்டுகள் கழித்து வந்த பெட்டியிலும் பொருந்தியது. மெய்நிகர்க் கருவி அப்படியில்லை. மூன்று நான்கு வருடத்துக்கு ஒன்று புதிதாக வருகிறது. வந்தவுடன் வீட்டில் உள்ளது 'பழசு' ஆகிவிடுகிறது. "தாத்தா, இது ஓல்டு மாடல் தாத்தா" என்று பேரன் சொல்ல ஆரம்பித்தால், அந்த வீட்டில் ஒரு விவாதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்த விவாதம் எளிய விஷயம் அன்று. வெளிமாநிலத்தில் வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்குப் போய்வரும் ரயில் செலவு எல்லாம் போக மிஞ்சுகிற பணத்தில்தான் இதெல்லாம் வாங்க வேண்டும். ஆகவே இதை எப்படி முடிவு செய்வது என்று வியாபாரி கண்ணோடு கொஞ்சம் பார்ப்போம்.

கேட்க வேண்டிய கேள்வி எது?

'புதியது நல்லதா?' என்று கேட்டால் 'நல்லது' என்றுதான் விடை வரும். கடைக்காரர் எதிர்பார்க்கிற கேள்வியும் அதுவே. நாம் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, நம் வீட்டில் உள்ள பழசு எந்த வேலையில் நம்மைக் கைவிட்டது? இரண்டு, அந்த வேலையைச் செய்கிற உறுப்பு புதியதில் மாறியிருக்கிறதா? முதல் கேள்விக்கு விடை இல்லையென்றால் இரண்டாவதற்குப் போகவே வேண்டாம்.

இதற்குக் கருவியின் உறுப்புகளைத் தனித்தனியாக அறிய வேண்டும். ஐந்து உறுப்புகள் முக்கியம்: படம் காட்டும் திரை, அதைக் கண்ணுக்குக் கொண்டுவரும் லென்ஸ், கணக்குப் போடும் சிப், வெளியே பார்க்கும் கேமரா, மின்சாரம் தரும் பேட்டரி. இவை ஐந்தும் ஒரே நேரத்தில் பழசாவதில்லை. 'புது மாடல்' என்ற ஒரே சொல் இந்த ஐந்தையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. நாம் கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்று கருவிகள், ஒரு ஒப்பீடு

எடுத்துக்காட்டாக, பலர் கேட்டறிந்த மெட்டா நிறுவனத்தின் 'குவெஸ்ட்' வரிசையை எடுத்துக்கொள்வோம். குவெஸ்ட் 2 என்பது 2020 அக்டோபரில் வந்தது. அமெரிக்காவில் அன்றைய தொடக்க விலை 299 டாலர். குவெஸ்ட் 3 என்பது 2023 அக்டோபரில் 499 டாலருக்கு வந்தது. குவெஸ்ட் 3எஸ் 2024 அக்டோபரில், மறுபடி 299 டாலரில் தொடங்கியது. அந்த ஆண்டிலேயே குவெஸ்ட் 2 விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் மகனோ மருமகளோ கொண்டுவந்து கொடுத்த குவெஸ்ட் 2 ஒரு வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றலாமா?

முதலில் திரை. குவெஸ்ட் 2-இல் ஒரு கண்ணுக்கு அகலம் 1832, உயரம் 1920 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 35 லட்சம் புள்ளி. குவெஸ்ட் 3-இல் 2064-க்கு 2208. சுமார் 45½ லட்சம். ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல். குவெஸ்ட் 3எஸ்-இல்? மீண்டும் அதே 1832-க்கு 1920. அதாவது 2024-இல் வந்த புதுக் கருவியில் திரையின் புள்ளிக்கணக்கு 2020-இல் இருந்ததுதான்.

அடுத்தது லென்ஸ். குவெஸ்ட் 2-இல் இருப்பது ஃபிரெனல் வகை. அகஸ்டின் ஃபிரெனல் என்ற பிரெஞ்சுக்காரர் 1820-களில் கலங்கரை விளக்கத்துக்காகச் செய்த லென்ஸ் அது. கனத்த கண்ணாடியை வட்ட வட்டமான படிகளாக வெட்டி மெலிதாக்கும் உபாயம். மெலிது, மலிவு, ஆனால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால், படிகளில் ஒளி சிதறிக் கதிர் கதிராகத் தெரியும். நடுவில் தெளிவு, ஓரத்தில் மங்கல். குவெஸ்ட் 3-இல் உள்ளதோ 'பான்கேக்' லென்ஸ். ஒளியை உள்ளேயே மடித்து மடித்து அனுப்புவதால் கருவியின் முகப்பு மெலிந்தது. ஓரம் வரை படம் தெளிந்தது. இதற்கு விலையும் உண்டு. பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்புகிற பூச்சில் ஒளி ஒருமுறை ஊடுருவி, ஒருமுறை திரும்ப வேண்டும். ஆகவே திரையின் ஒளியில் கால் பங்குக்கு மேல் கண்ணுக்கு வராது. குவெஸ்ட் 3எஸ்-இல் இந்த லென்ஸ் இல்லை. பழைய ஃபிரெனலே இருக்கிறது.

மூன்றாவது சிப். இங்கேதான் 3, 3எஸ் இரண்டும் முன்னேறியிருக்கின்றன. இரண்டிலும் புதிய தலைமுறைச் சிப். நினைவகம் 6 ஜி.பி.யிலிருந்து 8 ஜி.பி. ஆயிற்று. 2024-இல் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் ஷேடோ' என்ற விளையாட்டு 3-இலும் 3எஸ்-இலும் மட்டுமே ஓடும்; குவெஸ்ட் 2-இல் ஓடாது.

நான்காவது கேமரா. கருவியைக் கழற்றாமலே அறையைப் பார்க்கும் வசதி குவெஸ்ட் 2-இல் கறுப்பு வெள்ளை. புதிய இரண்டிலும் வண்ணம். சின்ன அடுக்ககத்தில், குறுக்கே குழந்தை ஓடும் கூடத்தில், இது அலங்காரம் இல்லை, பாதுகாப்பு.

எடையில் மாற்றம் இல்லை. குவெஸ்ட் 2 சுமார் 503 கிராம், குவெஸ்ட் 3 சுமார் 515 கிராம். 'கழுத்து வலிக்கிறது, அதனால் புதுசு வேண்டும்' என்கிறவருக்குப் புதுசு உதவாது. பின்பக்கம் எடை சமன் செய்யும் நல்ல பட்டை ஒன்று உதவும்.

இப்போது கட்டு அவிழ்ந்துவிட்டது. 'படம் மங்கலாக இருக்கிறது' என்பவர் 3எஸ் வாங்கினால் காசு போகும், மங்கல் போகாது. 'புது விளையாட்டு ஓடவில்லை' என்பவருக்கு 3எஸ் போதும். 3-க்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. 'எழுத்து வாசிக்க முடியவில்லை' என்பவருக்கு மட்டுமே 3-இன் திரையும் லென்ஸும் பொருள்படும்.

எதைப் பார்க்கிறோம் என்பதே பாதிக் கணக்கு

நம் குடும்பங்களில் பெரியவர்கள் இந்தக் கருவியை மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் விரும்புவது விளையாட்டு அன்று. சுற்றிலும் 360 பாகையும் எடுத்த காணொளிகள். கோவில், மலை, கடற்கரை, ஊர்த் திருவிழா. இதற்காகப் புதுசு வாங்கலாமா?

ஒரு எளிய கணக்கு போடலாம். தெளிவை அளக்க 'ஒரு பாகைக்கு எத்தனைப் புள்ளி' என்று பார்ப்பது வழக்கம். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகைக்கு 60 புள்ளி வரை பிரித்தறியும். குவெஸ்ட் 2 சுமார் 20 தருகிறது; குவெஸ்ட் 3 சுமார் 25. சரி, காணொளி எவ்வளவு தருகிறது? '4கே' என்று சொல்லும் 360 பாகைக் காணொளியில் குறுக்கே 3840 புள்ளிகள். இவை முழு வட்டத்துக்கும் பரவ வேண்டும். 3840-ஐ 360-ஆல் வகுத்தால் பாகைக்கு 10⅔ புள்ளி. அவ்வளவுதான் சரக்கு! பழைய கருவியே 20 காட்டக்கூடியது. பத்துப்படி நெல்லை அளக்க இருபது படி மரக்கால் போதாது, இருபத்தைந்து படி மரக்கால் வேண்டும் என்று சொல்வது போல இது. '8கே' காணொளி என்றால் 7680-ஐ 360-ஆல் வகுக்க 21⅓ வரும். அங்கேதான் புதிய திரைக்குக் கொஞ்சம் வேலை வருகிறது.

ஆகவே ஊர்க்கோவில் காணொளி பார்க்கும் பாட்டிக்காகக் கருவி மாற்றுவதில் பெரிய பயன் இல்லை. அதே காணொளி கூடுதல் தரத்தில் கிடைக்கிறதா என்று தேடுவதும், இணைய வேகத்தைச் சரிசெய்வதும், லென்ஸை உலர்ந்த மென்துணியால் துடைப்பதும் அதைவிடப் பலன் தரும். 'மங்கல்' என்று வரும் புகார்களில் சில, உண்மையில் லென்ஸில் படிந்த எண்ணெய்ப் பிசுக்குதான். நம் தலைக்கு எண்ணெய் உண்டு. கருவிக்கு அது ஆகாது.

கண்ணும் வயதும்

கருவி வயதாவது ஒருபுறம் இருக்க, அதை மாட்டுகிற கண்ணுக்கு அது பொருந்துகிறதா என்பது முதலில் பார்க்க வேண்டிய விஷயம். இரண்டு கருவிழிகளுக்கும் இடைப்பட்ட தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் மாறும். மூக்குக் கண்ணாடிக் கடையில் 'பி.டி.' என்று அளப்பது இதைத்தான். குவெஸ்ட் 2-இல் லென்ஸுகளை 58, 63, 68 என்று மூன்றே நிலைகளில் நிறுத்தலாம். 3எஸ்-இலும் மூன்று நிலைகள்தாம். குவெஸ்ட் 3-இல் ஒரு சக்கரத்தைத் திருகி இடைப்பட்ட எந்த அளவிலும் நிறுத்தலாம். உங்கள் அளவு 63 என்றால் இந்த வேறுபாட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அளவு 60½ அல்லது 65½ என்று இரண்டு நிலைகளுக்கும் நடுவே விழுந்தால், தலைவலிக்கும் மங்கலுக்கும் அது ஒரு காரணமாகலாம். கருவியை மாற்றும் முன் கண்ணாடிக் கடையில் இந்த அளவைக் கேட்டு வாங்குங்கள். செலவில்லாத சோதனை இது.

இன்னொன்று. கண்ணிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளித் திரை இருந்தாலும், லென்ஸ் அந்தப் படத்தை ஒரு மீட்டருக்கும் அப்பால் இருப்பதுபோலக் காட்டுகிறது. ஆகவே வெள்ளெழுத்துக் கண்ணாடி போடும் பெரியவர்களுக்கு இங்கே அது பெரும்பாலும் தேவைப்படாது. தூரப் பார்வைக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு அது தேவை. கண்ணாடியோடு மாட்டினால் இரண்டும் உரசிக் கீறல் விழும். பார்வை அளவுக்கேற்ப லென்ஸ் மேல் பொருத்தும் தனி வில்லைகள் கிடைக்கின்றன. புதுக் கருவியின் விலையோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

கண் சோர்வுக்கு ஒரு மூல காரணம் உண்டு. காட்சியில் பொருள் கிட்டே வரும்போது இரண்டு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. ஆனால் கண்ணின் குவியம் அந்த ஒரு மீட்டர் சொச்சத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. இயற்கையில் இரண்டும் சேர்ந்தே நடப்பவை, இங்கே பிரிந்துவிடுகின்றன. கடையில் கிடைக்கும் புதிய கருவிகளும் இதை மாற்றிவிடவில்லை. அதுபோலத் தலைசுற்றலும். காட்சியில் நாம் ஓடுகிறோம், காதுக்குள் உள்ள சமநிலை உறுப்போ 'நீ உட்கார்ந்துதான் இருக்கிறாய்' என்கிறது. இந்தச் சண்டையால்தான் குமட்டல். எவ்வளவு விலை கொடுத்தாலும் காரில் ஓடும் விளையாட்டு சிலருக்கு வயிற்றைப் புரட்டத்தான் செய்யும். 'புதுசு வாங்கினால் தலை சுற்றாது' என்று யாராவது சொன்னால் முழுதும் நம்ப வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் மெட்டா நிறுவனம் முதலில் 13 வயது என்று வைத்திருந்த வரம்பை 2023-இல், பெற்றோர் மேற்பார்வையோடு 10 வயது என்று குறைத்தது. சோனியின் பி.எஸ்.வி.ஆர்.2 கருவிக்கு 12. ஆறு வயதுப் பேத்தி அழுகிறாள் என்று மாட்டிவிடக் கூடாது. சிறு குழந்தைகளின் கண் இடைவெளி, கருவியின் மிகக் குறைந்த நிலைக்கும் கீழே இருக்கும். இது கருவியின் புதுமை பழமையைப் பொறுத்ததே இல்லை.

கருவிக்கு ஆயுள் எங்கே முடிகிறது?

பாத்திர வியாபாரத்தில் நாற்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பழைய பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து கொடுத்துப் புதுசு எடுத்துக்கொண்டு போவார்கள். அண்டா ஒடுங்கியிருக்கலாம், ஓட்டை விழுந்திருக்கலாம். தராசில் வைத்தால் உலோகத்துக்கு ஒரு எடை உண்டு, எடைக்கு ஒரு விலை உண்டு. தேய்மானம் போக மீதி கைக்கு வரும். மின்கருவிக்கு அந்தத் தராசு கிடையாது. கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கும். ஆனாலும் ஒருநாள் மதிப்பு பூஜ்யமாகிவிடும். ஏனென்றால் அதன் உயிர் கருவிக்குள் இல்லை. எங்கோ இருக்கும் நிறுவனத்தின் ஆதரவில் இருக்கிறது.

நடந்தவற்றைப் பாருங்கள். 2019-இல் வந்த முதல் குவெஸ்ட் கருவிக்குப் புதிய வசதிகள் 2023-இல் நின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 வரைதான் என்று நிறுவனமே அறிவித்தது. ஆக ஐந்து வருடம். மைக்ரோசாஃப்ட் 2017-இல் தொடங்கி டெல், எச்.பி., ஏசர், லெனோவா போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து நடத்திய 'விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி' முறையைக் கைவிடுவதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பிலிருந்து அதை எடுத்தே விட்டது. கணினியைப் புதுப்பித்தவர்களின் நல்ல கருவிகள், நிறுவனத்தின் ஆதரவு இல்லாமல் நின்றன. சோனியின் முதல் பி.எஸ்.வி.ஆர். 2016-இல் வந்தது; அதற்கு வாங்கிய விளையாட்டுத் தட்டுகள் 2023-இல் வந்த பி.எஸ்.வி.ஆர்.2-இல் நேரடியாக ஓடா. கூகுள் 2014-இல் கொண்டுவந்த அட்டைப்பெட்டிக் கருவியின் விற்பனை 2021-இல் நின்றது.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, 'பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டு வரை?' என்பது புள்ளிக்கணக்கை விட முக்கியமான கேள்வி. இந்தக் கருவியில் கேமரா இருக்கிறது, மைக் இருக்கிறது, உங்கள் வீட்டுக் கூடமே அதற்குத் தெரியும். திருத்தம் நின்றுபோன கருவியை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பது, பூட்டு கெட்ட கதவோடு ஊருக்குப் போவது போல. அது உண்மையாகவே மாற்ற வேண்டிய காரணம். இரண்டு, வாங்கிய விளையாட்டுகள் கருவியில் இல்லை, உங்கள் கணக்கில் இருக்கின்றன. அதே நிறுவனத்தின் அடுத்த கருவிக்குப் போனால் பெரும்பாலும் கூடவே வரும். நிறுவனம் மாறினால் வரா. மாற்றுச் செலவைக் கணக்கிடும்போது இந்த விளையாட்டுகளின் விலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரி என்பது தானாகக் குறையும் உறுப்பு. இரண்டு மணி நேரம் ஓடியது ஒரு மணி நேரத்தில் நின்றால், பலர் 'புதுசு' என்கிறார்கள். பவர் பேங்க் ஒன்றை நீண்ட ஒயரில் கோத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் காரியம் நடக்கும். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் வைப்பது நல்லது. எல்லாவற்றையும் விட, லென்ஸில் வெயில் படாமல் வைக்க வேண்டும். சூரிய ஒளி லென்ஸ் வழியாகக் குவிந்து, கொஞ்ச நேரத்திலேயே திரையைச் சுட்டுக் கறையாக்கிவிடும். ஜன்னல் ஓர மேசையில் கவிழ்க்காமல் வைத்த கருவி அப்படித்தான் கெடும். அது பழசாகிக் கெடுவதன்று.

மணிக்கு எவ்வளவு?

இனிக் காசுக் கணக்கு. கருவியின் விலையைப் பார்ப்பதை விட்டு, ஒரு மணி நேரத்துக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். கைக்கு வந்து சேரும்போது 45,000 ரூபாய் என்றும், ஆயுள் நான்கு வருடம் என்றும் வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு மணி நேரம் மாட்டினால் நான்கு வருடத்தில் 208 மணி. மணிக்கு 216 ரூபாய். வாரம் ஐந்து மணி என்றால் 1,040 மணி. மணிக்கு 43 ரூபாய். கருவி ஒன்றுதான், ஒரு வீட்டுக்கு அது மலிவு, இன்னொரு வீட்டுக்கு விலை அதிகம்.

ஆகவே மாற்றும் முன் ஒரு மாதம் சிட்டை எழுதுங்கள். யார், எந்த நாள், எவ்வளவு நேரம், எதற்காக மாட்டினார்கள், எதனால் கழற்றினார்கள் என்று ஒரு தாளில் குறித்துவர வேண்டும். 'கழற்றிய காரணம்' என்ற பத்திதான் தங்கம். 'பசித்தது', 'பள்ளிப்பாடம்', 'போரடித்தது' என்று எழுதியிருந்தால் புதுக் கருவி எதையும் தீர்க்காது. 'எழுத்து தெரியவில்லை', 'விளையாட்டு திறக்கவில்லை' என்று திரும்பத் திரும்ப வந்தால் யோசிக்கலாம். மாதம் முழுக்கத் தாள் வெறுமையாகவே இருந்தால் விடையைச் சொல்லவே வேண்டாம்.

நேரு பிளேஸ், லேமிங்டன் ரோடு, எஸ்.பி. ரோடு என்று எங்கே வாங்கினாலும், வெளிநாட்டிலிருந்து வருபவர் கையில் கொண்டுவந்தாலும், ஒன்றைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்: உத்தரவாதம் எந்த நாட்டில் செல்லும்? கெட்டால் யாரிடம் கொடுப்பது? 'பில் இருக்கு சார்' என்பது பதில் ஆகாது.

மிகுபொருள் விரும்பாமை

எங்கள் சமண இல்லறத்தார்க்கு ஐந்து அணுவிரதங்கள் சொல்லப்பட்டுள்ளன. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை இவற்றோடு ஐந்தாவது, மிகுபொருள் விரும்பாமை. துறவிக்குப் பொருளே கூடாது, இல்லறத்தானுக்கு அப்படியில்லை. அவன் 'இவ்வளவு போதும்' என்று ஒரு அளவை வகுத்துக்கொண்டு அதற்குள் நிற்க வேண்டும். தமிழில் அருங்கலச்செப்பு போன்ற நூல்கள் இவ்வொழுக்கங்களைச் சொல்கின்றன.

இதோடு சேர்ந்து இன்னொரு விரதமும் உண்டு. துய்க்கும் பொருள்களை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒருமுறை துய்த்தால் தீர்ந்துபோவது போகம். உணவு, பூ, சந்தனம் இவை. திரும்பத் திரும்பத் துய்ப்பது உபபோகம். ஆடை, அணி, வீடு இவை. சில நூல்கள் இவற்றையே உபபோகம், பரிபோகம் என்று பெயர் மாற்றிச் சொல்லும். பெயர் எதுவாயினும் இரண்டுக்கும் அளவு வகுக்க வேண்டும் என்பதே கருத்து. கருவி என்பது உபபோகப் பொருள். அதைப் பூப்போல இன்று சூடி நாளை எறியும் போகப் பொருளாக்குவதுதான் 'வருடத்துக்கு ஒரு மாடல்' என்னும் வியாபாரம். நானும் வியாபாரிதான், விற்பவரைக் குறை சொல்லவில்லை. விற்பவருக்கு ஒரு தர்மம், வாங்குபவருக்கு ஒரு தர்மம். அளவு வகுப்பது வாங்குபவர் வேலை.

எறிகிற பொருள் எங்கே போகிறது என்பதும் கொல்லாமையோடு சேர்ந்த விஷயம். பித்தளைக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்து மொராதாபாத், மின்கழிவிலிருந்து உலோகம் பிரிக்கும் தொழிலுக்கும் பேர் வாங்கிவிட்டது. சர்க்யூட் பலகைகளை எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் உலோகம் எடுக்கிறார்கள்; சாம்பல் ராம்கங்கை ஆற்றங்கரையில் சேர்கிறது. நீருக்கும் மண்ணுக்கும் நெருப்புக்கும்கூட உயிர் உண்டு என்று கொள்ளும் மரபில் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கும் அந்தப் புகையை மூச்சில் இழுக்கும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார் என்பது போதும். 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே பழைய கருவியைச் சேர்க்க வேண்டும். தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் அன்று.

முடிவாக

மாற்றத்தக்க காரணங்கள் நான்கு: பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிட்டது, கருவி பழுதாகி, பழுதுபார்க்கும் செலவு விலையை நெருங்குகிறது, கண் அளவு பொருந்தாமல் தலைவலி தருகிறது, புதியதில் அது பொருந்துகிறது, படிப்புக்கோ தொழிலுக்கோ தேவையான ஒரு செயலி பழையதில் ஓடவில்லை. இவற்றில் ஒன்று இருந்தால் தயங்காமல் மாற்றலாம். அதில் கஞ்சத்தனம் தேவையில்லை. தேவைக்குச் செலவிடுவதை எந்த அறமும் தடுக்கவில்லை.

மாற்றத்தகாத காரணங்களும் நான்கு: பக்கத்து வீட்டில் வந்துவிட்டது, தள்ளுபடி இன்றோடு முடிகிறது, கழுத்து வலிக்கிறது, தலை சுற்றுகிறது. முதல் இரண்டும் நம் தேவை அல்ல. பின் இரண்டும் புதுக் கருவியால் தீர்வன அல்ல.

அளவை எப்போது வகுப்பது? புதியதைக் கடையில் மாட்டிப் பார்ப்பதற்கு முன்பே வகுத்துவிட வேண்டும். மாட்டிப் பார்த்த பிறகு வகுக்கும் அளவு, நாம் வகுப்பது அன்று. அந்தப் பொருள் நமக்கு வகுத்துக் கொடுப்பது. 'நான்கு வருடத்துக்கு ஒரு கருவி, இவ்வளவு ரூபாய்க்குள், வீட்டில் ஒன்றே ஒன்று' என்று பேரப்பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்பார்களா என்று நினைக்காதீர்கள். தாங்களும் சேர்ந்து போட்ட கணக்கைப் பிள்ளைகள் மதிப்பார்கள். நாம் மட்டும் போட்ட தடையைத்தான் மீறுவார்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், இன்னும் திருத்தம் வந்துகொண்டிருக்கும் பழைய கருவியை அலமாரியில் பூட்டாதீர்கள். கணக்கை நீக்கி, உள்ளிருப்பதை அழித்து, முகத்தில் படும் உறையைப் புதிதாக மாற்றி, உறவிலோ நட்பிலோ இல்லாத வீட்டுக்குக் கொடுங்கள். நம் சங்கத்து நூலகத்துக்குக் கொடுத்தாலும் நல்லது. மூட்டு வலியால் ஊருக்குப் போக முடியாத பெரியவர்கள் இங்கே எத்தனையோ பேர். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம், நாற்காலியில் உட்கார்ந்தபடி, தம் ஊர்க் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கட்டும். பாகைக்குப் பத்துப் புள்ளி அவர்களுக்குத் தாராளம்.